கழிவுக் கல்லில் கெம்பு!

பண்ணைப்புரம் என்றதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் தலையை லேசாக ஆட்டி ஒரு மெட்டை முணுமுணுப்பார்கள். 1943-ல் இளையராஜா பிறந்த ஊராயிற்றே! பத்தாவது ஆள் ஒருத்தர் இருப்பார். ஜியாலஜி படித்தவர். அவர் ஊரைப் பார்க்க மாட்டார். ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கிற மலையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "சார்னோகைட்!" என்பார். ஏதோ ஜுர மாத்திரையின் பெயர் மாதிரி இருக்கும்.

பயப்பட வேண்டாம். சார்னோகைட் என்பது நம்ம கருங்கல்லில் ஒரு ஜாதி. போடி, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று வரிசையாக நிற்கும் மலைகளில் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கமும் இதே கல். அதற்குப் பெயர் வந்த கதை தமாஷானது. கல்கத்தாவை நிறுவியவர் என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோமே, ஜாப் சார்னாக்... (அவர் நிறுவவில்லை என்று 2003-ல் கல்கத்தா ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது. அது வேறு கேஸ்!) அவருடைய கல்லறைக்கு மெட்ராஸ் பக்கத்திலிருந்து கல் போயிருக்கிறது. இருநூறு வருஷம் கழித்து, 1893-ல், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை உற்றுப் பார்த்தார். பரங்கிமலைக் கல்லும் இதுவும் ஒன்று என்று கண்டுபிடித்தார். சார்னாக் கல்லறையில் இருந்ததால் கல்லுக்கு 'சார்னோகைட்' என்று பெயர் வைத்துவிட்டார்.

செத்தவர் பெயரைக் கல்லில் பொறிப்பார்கள், தெரியும். செத்தவர் பெயரைக் கல்லுக்கே வைத்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பெயர் வைக்கும் வரை அது வெறும் கல். பெயர் வைத்த பிறகு உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டது. பரங்கிமலைப் பாறையை 'தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்' என்று அறிவித்தும் விட்டார்கள். கல் அப்போதும் அதே கல்தான். பார்த்த ஆள்தான் வேறு.

இந்த 'பார்த்த ஆள் வேறு' சமாசாரம் ரொம்பத் தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. கைவிடப்பட்ட குவாரி! அதிலும் மலை மேல் கைவிடப்பட்ட பளிங்குக் கல் குவாரி என்றால் கேட்கவே வேண்டாம்.

* * *

நான் படித்தது பி.காம். எங்கள் பாடத்தில் 'ஸ்க்ராப் வேல்யூ' என்று ஒன்று வரும். ஒரு மிஷினை உழைக்கிற வரை உழைக்க வைத்துவிட்டு, கடைசியில் காயலான் கடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்பதுதான் அது. குவாரி முதலாளி கணக்கில், நல்ல கல்லை எடுத்து முடித்த குவாரியின் ஸ்க்ராப் வேல்யூ சைபர். மீதி இருப்பது ஒரு பள்ளம், பள்ளத்தில் தண்ணீர், பள்ளத்துக்குப் பக்கத்தில் கழிவுக் கல் குவியல். கேட்டைப் பூட்டக்கூட மாட்டார். கேட் இருந்தால்தானே!

பளிங்குக் குவாரியில் இந்தக் கணக்கு தலைகீழ். விஷயம் இருப்பதே அந்தக் கழிவுக் குவியலில்தான்.

ஏன் என்று புரிய, பளிங்கு எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். ஆபீஸ் தரையிலோ, கல்யாண மண்டபத்திலோ, சாமி சந்நிதியிலோ மிதித்துக்கொண்டு போகிறோமே, அந்த மார்பிள் ஒரு காலத்தில் கடலடிச் சேறு. சிப்பி, சுண்ணாம்பு எல்லாம் படிந்து சுண்ணாம்புக் கல் ஆனது. பிறகு பூமிக்கு ஏதோ கோபம் வந்து அதை அப்படியே உள்ளே இழுத்து, மேலே பல கிலோமீட்டர் பாறையைப் பாரமாக வைத்து, கீழே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டது. பிரஷர் குக்கர்தான், விசில் மட்டும் கிடையாது. உருகவில்லை, ஆனால் வெந்தது. வெந்த சுண்ணாம்புக் கல்தான் பளிங்கு.

சுத்தமான சுண்ணாம்பு வெந்தால் சுத்தமான வெள்ளை. ஆனால் கடலடிச் சேறு என்றைக்குச் சுத்தமாக இருந்தது? கொஞ்சம் மணல், கொஞ்சம் களிமண், செத்த பாசி எல்லாம் கலந்திருக்கும். குக்கருக்குள் இவையும் சும்மா இருக்காது. செத்த பாசியின் கரி, கிராஃபைட் ஆகிறது. பென்சில் முனையில் இருக்கும் அதே சரக்கு. மணலும் மக்னீசியமும் கைகோர்த்தால் பச்சை நிற டயாப்சைடு, ஃபார்ஸ்டரைட். களிமண்ணில் இருக்கும் அலுமினியம் ஒரு பக்கம் தேன் நிறத்தில் ஃப்ளோகோபைட் என்ற அப்பிரகம் ஆகிறது. இன்னொரு பக்கம் எட்டு முகம் வைத்த ஸ்பைனல் மணியாகிறது. ரொம்ப அதிர்ஷ்டம் இருந்தால் மாணிக்கம்!

அதாவது, வியாபாரி 'அழுக்கு' என்று ஒதுக்குவதெல்லாம் ஜியாலஜிஸ்டுக்குச் சரக்கு. வியாபாரி 'ஏ ஒன் சரக்கு' என்று கொண்டாடும் தும்பைப்பூ வெள்ளையில் ஜியாலஜிஸ்டுக்கு வேலையே இல்லை.

* * *

பண்ணைப்புரம் பக்கம் பளிங்குக் கல் தேடி அலைய வேண்டாம், இங்கே கருங்கல் ராஜ்ஜியம். ஆனால் ஊர் டீக்கடை பெஞ்சில் பெரியவர் ஒருத்தர் கிடைத்தார். வயசுக் காலத்தில் சேலம் பக்கம் ஒரு சுண்ணாம்புக் கல் குவாரியில் சம்மட்டி பிடித்தவர். சங்ககிரி, மதுக்கரை, தாழையூத்து என்று தமிழ்நாட்டில் சிமெண்ட் ஆலைக்காக வெட்டிய சுண்ணாம்புக் கல்லில் நிறைய, கண்டிப்பாகச் சொன்னால் பளிங்கு ஜாதிதான். படிகமாக வெந்த கல். பாலீஷ் போட்டு விற்காமல் அரைத்து மூட்டையில் கட்டிவிட்டோம், அவ்வளவுதான்.

"கல்லுல பச்சையா, கறுப்பா பொட்டு இருந்தா என்னய்யா செய்வீக?" என்று கேட்டேன்.

"அங்கிட்டு ஓரமாக் கொட்டிருவோம் தம்பி. வெள்ளைக்குத்தான் கூலி. பொட்டுக் கல்லு லாரியில ஏறுச்சுன்னா மேஸ்திரி வைவாரு."

மேஸ்திரி வைததில் நியாயம் இருக்கிறது. சிமெண்டில் மக்னீஷியா 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியத் தர விதி சொல்கிறது. கூடினால் வீடு கட்டிக் குடியேறிய பிற்பாடு உள்ளே மெதுவாக உப்பி, சுவர் விரிசல் விடும். ஃபார்ஸ்டரைட், ஃப்ளோகோபைட், ஸ்பைனல் எல்லாம் மக்னீசியம் பிடித்த கோஷ்டி. அதனால் அவற்றுக்கு ஓரம்தான் இடம்.

"செவப்பா, பளபளன்னு ஏதாச்சும் பாத்திருக்கீகளா?"

பெரியவர் டீயை ஒரு மடக்கு குடித்தார். "பாத்தா மட்டும்? எட்டு மணி நேரம் சம்மட்டி போட்டவனுக்குக் கண்ணுல எல்லாம் செவப்பாத்தான் தம்பி தெரியும்!"

* * *

சிவப்பு என்றதும் பர்மா ஞாபகம் வர வேண்டும். நம் ஊர்ப் பழைய நகைகளில் 'பர்மா கெம்பு' என்றால் தனி மரியாதை. அந்தக் கெம்பின் தாய்வீடு மோகோக் மலைப் பகுதி. அங்கே மாணிக்கம் பிறந்தது எதற்குள் தெரியுமா? சாட்சாத் பளிங்குக் கல்லுக்குள்! வெள்ளைக் கல்லில் துளி அலுமினியமும் துளியிலும் துளியாக குரோமியமும் சேர்ந்த இடத்தில் மாணிக்கம். அதே பளிங்கில் மக்னீசியமும் கூடச் சேர்ந்தால் சிவப்பு ஸ்பைனல். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் ராஜாக்களே ஏமாந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மகுடத்தின் முன்னால் பதித்திருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' மாணிக்கமே இல்லை, ஸ்பைனல்!

(1889-ல் லண்டனில் 'பர்மா ரூபி மைன்ஸ்' கம்பெனியின் ஷேர் வெளியானபோது கூட்டம் தாங்கவில்லையாம். ரோத்சைல்ட் பிரபு வாசல் வழியே தன் ஆபீஸுக்குள் நுழைய முடியாமல் ஏணி வைத்து ஜன்னல் வழியாக ஏறினார் என்று கதை சொல்வார்கள். அந்தக் கம்பெனி 1931-ல் கடையைக் கட்டியது. ஷேர் மார்க்கெட் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.)

இன்னொரு சங்கதி. மாணிக்கம், நீலம் இரண்டும் ஒரே கனிமம். ஆங்கிலத்தில் 'கொரண்டம்'. அந்த வார்த்தை எங்கிருந்து போனது? நம்ம 'குருந்தம்'! சாணை பிடிக்கக் குருந்தக் கல்லை உபயோகித்தவர்கள் நாம். வைரத்துக்கு அடுத்தபடி கடினமான கல்லுக்கு உலகமே தமிழ்ப் பெயரைச் சொல்கிறது. நாம் மட்டும் 'ஏதோ கல்லு' என்று சொல்லி ஓரமாகக் கொட்டுகிறோம்.

* * *

கொட்டியதை வைத்தே பிழைக்கிற ஊர் ஒன்று இருக்கிறது, அமெரிக்காவில். எடிசன் நகரத்தில் உங்கள் மச்சானோ சித்தப்பா பையனோ கட்டாயம் இருப்பான். அதே நியூஜெர்சியின் வடக்குக் கோடியில் ஃபிராங்க்லின், ஆக்டன்ஸ்பர்க் என்று இரண்டு சின்ன ஊர்கள். அங்கே பளிங்குக்குள் துத்தநாகத் தாது இருந்தது. வெட்டினார்கள், வெட்டினார்கள். ஃபிராங்க்லின் சுரங்கம் 1954-ல் மூடியது. ஆக்டன்ஸ்பர்க்கின் ஸ்டெர்லிங் ஹில் சுரங்கம் 1986-ல் மூடியது. நம் ஊராக இருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும்.

ஆனால் அந்தப் பளிங்கிலும் கழிவுக் குவியலிலும் 350-க்கு மேற்பட்ட கனிம வகைகளைக் கண்டுபிடித்துப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தனையும் அந்த ஒரு வட்டாரத்தில்! அவற்றில் பல புற ஊதா விளக்கைக் காட்டினால் ஒளிரும். பகலில் சாம்பல் கல்லாக உட்கார்ந்திருக்கும். இருட்டறையில் விளக்கைப் போட்டால் கால்சைட் செக்கச் செவேல் என்று எரியும், வில்லமைட் பச்சையாக எரியும். நம்ம ஊர்த் திருவிழா சீரியல் செட் தோற்றது. 1990-ல் அந்தச் செத்த சுரங்கத்தை மியூசியமாக்கினார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் சுரங்கத்துக்குள் போகிறார்கள். பழைய கழிவு மேட்டில் காசு கட்டிக் கல் பொறுக்க ஆட்கள் வருகிறார்கள். சம்மட்டி அடிக்கக் கூலி கொடுத்த காலம் போய், சம்மட்டி அடிக்கக் கட்டணம்! இதற்குப் பெயர்தான் ஸ்க்ராப் வேல்யூ.

இத்தாலியில் கராரா. மைக்கலாஞ்சலோவின் 'டேவிட்' அந்த ஊர்ப் பளிங்கு. அவர் 1501-ல் உளியை வைப்பதற்கு முன்னால், அந்தக் கல்லை வேறு சிற்பிகள் ஆரம்பித்துப் பாதியில் விட, வருஷக்கணக்கில் முற்றத்தில் கிடந்த கல் அது. அதே கராராக் குவாரிகளில், பளிங்கின் பொந்துகளுக்குள் கண்ணாடி மாதிரி தெளிவான குவார்ட்ஸ் படிகங்கள் கிடைக்கின்றன. 'கராரா வைரம்' என்று செல்லப் பெயர். ஸ்லாப் அறுப்பவனுக்கு அந்தப் பொந்து ஒரு நஷ்டம். சேகரிப்பவனுக்கு அதுதான் புதையல்.

* * *

'எல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்கு வாருங்கள். அங்கே இருப்பது பளிங்கு அல்ல, பார்வைக்கு வெளிறிய 'அனார்த்தசைட்' என்ற பாறை. சுமார் 250 கோடி வயது. நமது குருந்தக் கல்லும் அந்தப் பாறையில் உண்டு.

நிலாவின் மேட்டுப் பகுதி இதே வகைப் பாறைதான் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். சந்திரயானை இறக்கிப் பழக இஸ்ரோவுக்கு நிலா மண் மாதிரி மண் வேண்டும். வெளிநாட்டில் வாங்கினால் கிலோ 150 டாலர் என்று செய்தி வந்தது. தேவையோ டன் கணக்கில். சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறையை எடுத்துப் பொடித்தார்கள். 2012-லிருந்து சுமார் 50 டன் நாமக்கல் மண் இஸ்ரோவுக்குப் போனது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் ஜியாலஜித் துறை இதில் கூடவே நின்றது. 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி விக்ரம் நிலாவில் இறங்கியபோது நாம் எல்லாரும் ஆபீஸில் வேலையை விட்டுவிட்டு டி.வி. முன்னால் கைதட்டினோமே, அதில் கால்வாசிக் கைதட்டல் அந்தக் கல்லுக்குப் போக வேண்டியது.

யாரோ ஒருத்தர் அந்தக் கல் என்ன கல் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். அதனால் அது கிடைத்தது. எழுதி வைக்கும் முன்பே கிரஷருக்குப் போன கல் எத்தனை இருக்கும்? முக்கால் இஞ்ச் ஜல்லியாகி, எம்.சாண்டாகி, உங்கள் பாத்ரூம் சுவருக்குள் என்னென்ன கனிமம் உட்கார்ந்திருக்கிறதோ!

* * *

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மோசடி.

டீக்கடைப் பெரியவர் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். "மலையப் பாக்க வந்தவன் எவன் தம்பி சும்மா பாத்துட்டுப் போயிருக்கான்?"

இந்த வட்டாரத்து ஜனங்கள் அப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. பண்ணைப்புரத்துக்குப் பக்கத்திலேயே பொட்டிப்புரம் மலை. அடியில் இரண்டு கிலோமீட்டர் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வைக்க 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. செலவு சுமார் 1500 கோடி. மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், நாம் ஆரம்பத்தில் பார்த்த அதே சார்னோகைட். கெட்டியான, ஒரே துண்டாக நிற்கிற கல். விஞ்ஞானிகளுக்கு அது கூரை. விவசாயிகளுக்கோ, தண்ணீர் என்னாகும், வெடி வைத்தால் அணைக்கட்டு என்னாகும் என்ற கவலை. 2022 பிப்ரவரியில் தமிழக அரசே சுப்ரீம் கோர்ட்டில் எதிர்த்து மனுப் போட்டது. ஆராய்ச்சிக்காக வந்தவர்களுக்கே இந்த வரவேற்பு என்றால், அதற்கு முன்னால் மலைக்கு வந்துபோனவர்கள் எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும்!

மதுரைக்குப் பக்கத்தில் மேலூர், கீழவளவு போய்ப் பார்த்தால் தெரியும். சதுரம் சதுரமாக அறுத்தெடுத்த மலைகள், அடியில் பச்சைத் தண்ணீர். அந்தக் கிரானைட் விவகாரத்தை விசாரிக்க 2014-ல் சென்னை ஹைகோர்ட் நியமித்தவர்தான் சகாயம் ஐ.ஏ.எஸ். அடுத்த வருஷமே அறிக்கையும் கொடுத்துவிட்டார். அதே மேலூர் வட்டாரத்தில், 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த அரிட்டாபட்டியையும் சேர்த்து, டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. ஊர் திரண்டது, மதுரை வரை நடந்தது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆக, கல்லுக்குப் பெயர் தெரியாவிட்டால் ஜல்லியாகிறது. பெயர் தெரிந்துவிட்டால் டெண்டர் வருகிறது!

ஆனால் கைவிட்ட குவாரிக்கு இந்த வம்பு இல்லை, கவனித்தீர்களா? அங்கே புதிதாக உடைக்க ஒன்றும் கிடையாது. மலை ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த சமையலை ஆப்பிளை வெட்டின மாதிரி காட்டிக்கொண்டு நிற்கிறது. என் கட்சி இதுதான்: புதிய மலையைத் தொடுவதற்கு முன்னால், ஏற்கெனவே கொன்றுபோட்ட குவாரிகளை ஒருதரம் போய்ப் பார்த்துக் கணக்கு எழுதுங்கள். பக்கத்துக் கல்லூரி ஜியாலஜி மாணவர்களே போதும். கழிவுக் குவியலில் ஒரு வாரம். பெரிய பட்ஜெட் வேண்டாம், பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும்.

பள்ளத்துத் தண்ணீர்கூட அப்படித்தான். 2017 வறட்சியில் சென்னை நாக்கு வறண்டபோது, மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிட்ட கல்குவாரித் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாயில் விட்டார்கள். அதற்கு முன்னால் அந்தப் பள்ளங்களை எந்த ஆபீசர் ஏறெடுத்துப் பார்த்திருப்பார்? அதே மாதிரிப் பள்ளங்களில் லீவு நாளில் குளிக்கப் போன பையன்கள் திரும்பி வராத செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வருகிறது. வேலி போட வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியைச் சுற்றித்தான் வேலி போட்டிருக்கிறார்கள் போல.

புவியியல் பாரம்பரிய இடங்களைக் காக்க 2022 டிசம்பரில் மத்திய சுரங்கத் துறை ஒரு மசோதா வரைவை ஜனங்கள் பார்வைக்கு வைத்தது. தமிழ்நாட்டில் திருவக்கரைக் கல்மரம், சாத்தனூர்க் கல்மரம், பரங்கிமலைப் பாறை எல்லாம் ஏற்கெனவே பட்டியலில் உண்டு. பளிங்குக் கழிவு மேடு ஒன்றாவது அதில் சேர வேண்டாமா?

படித்துவிட்டு உடனே சம்மட்டியோடு கிளம்பிவிடாதீர்கள். கைவிட்ட குவாரியானாலும் அதற்குச் சொந்தக்காரர் உண்டு, அரசாங்கமோ பட்டாதாரரோ. அனுமதி இல்லாமல் எடுத்தால் 1957-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் பிடிக்கும். பார்ப்பதற்கு யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

பார்க்க ஆசையாக இருந்தால், ஆபீஸ் கோஷ்டியோடு கொடைக்கானல் டூர் போகும்போது ஒரு நிமிஷம் செலவழியுங்கள். வத்தலகுண்டு தாண்டி, பெரியகுளம் ரோட்டில் கெங்குவார்பட்டி. அங்கத்திய பாறைகளில் 'சஃபிரின்' என்று நீலமாக ஒரு கனிமம் இருக்கிறது. பெயரைக் கேட்டு நீலக்கல் என்று நினைக்க வேண்டாம், நகைக்கு ஆகாது. கிரீன்லாந்தில் முதலில் கண்டெடுத்தது. அங்கிருந்து பூமியைப் பாதி சுற்றி வந்தால் நம் தேனி மாவட்டத்திலும் இருக்கிறது. சுமார் 900 டிகிரிக்கு மேல் வெந்த பாறை இது என்பதற்கு அது சாட்சி. ஏறத்தாழ 55 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் ஒட்டிக்கொண்டபோது நடந்த சமையலின் தழும்பு. 1980-களிலிருந்து உலகத்து ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் கெங்குவார்பட்டி என்ற பெயர் அச்சாகிறது. வேன் டிரைவரிடம் அங்கே கொஞ்சம் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்.

"இங்க என்ன சார் இருக்கு, வெறும் கல்லு!" என்பார்.